டெராசாவா, மக்சிமாவா? மட்டக்களப்பு வெக்கையில் இராட்சத மட்டி வளர்க்க நினைப்பவர்களுக்கு

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் 400 லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கோமாளி மீனைத் தேடுவார்கள், பிறகு கண் மணலில் கிடக்கும் மட்டியில் போய் நின்றுவிடும். அப்புறம் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்த நீலக் கலர் மட்டி இருக்கே, அது எங்க எடுக்கலாம்?" நீலத்தை மட்டும் பார்த்து மட்டி வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வெக்கைக்கும், நினைத்த நேரம் போகும் கரண்டுக்கும் எது தாங்கும், எது தாங்காது என்று முதலில் பாருங்கள். நிறம் பிறகு.

தொட்டிக்கென்று விற்கப்படுபவை பெரும்பாலும் டிரிடாக்னா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த நான்கு இனங்கள்: குரோசியா, மக்சிமா, ஸ்குவாமோசா, டெராசா. படங்களில் ஆள் உயரத்துக்குக் காட்டப்படும் கிகாஸ் ஒரு மீற்றரைத் தாண்டி, 200 கிலோவுக்கு மேல் வளரும், அதை வீட்டில் வைக்கும் பேச்சே வேண்டாம்.

இனம் பிரிப்பதில் கடைக்காரரும் தடுமாறுவார், நாமும் தடுமாறுவோம், ஏனென்றால் எல்லாரும் மேலிருந்து உதட்டைத்தான் பார்க்கிறோம். (ஓட்டுக்கு வெளியே விரியும் அந்த வண்ணச் சதையைத்தான் உதடு என்கிறேன்.) ஒரே மக்சிமா இனத்திலேயே நீலம், பச்சை, பழுப்பு, பொன்னிறம் எல்லாம் வரும், ஆகவே நிறம் எதையும் நிரூபிக்காது. மட்டியைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாகக் கவிழ்த்து, அடிப்பக்கம் பிணைச்சலுக்கு (இரண்டு ஓடும் சேரும் இடம்) அருகே உள்ள திறப்பைப் பாருங்கள். அந்தத் திறப்பால்தான் மட்டி கால் நீட்டி, நூல் விட்டுக் கல்லைப் பிடிக்கிறது. குரோசியாவுக்கு அது மிகப் பெரிது, பெருவிரல் நுனி போய்விடுமோ என்று தோன்றும். மக்சிமாவுக்கும் பெரிதுதான். ஸ்குவாமோசாவுக்கு அதைவிடச் சிறிது, டெராசாவுக்கு வெறும் கீறல் மாதிரி.

அடுத்தது ஓட்டின் செதில். ஸ்குவாமோசாவைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்: கூரை ஓட்டை ஒன்றின்மேல் ஒன்றாகத் தூக்கி அடுக்கியதுபோல, பெரிய பெரிய செதில்கள் இடைவெளி விட்டு நிற்கும், விரலை ஓட்டினால் தடுக்கும். டெராசா இதற்கு நேர் எதிர், ஓடு மழமழவென்று இருக்கும், அளவுக்குப் பார்த்தால் கனம் அதிகம். இந்த இரண்டையும் யாரும் குழப்பத் தேவையில்லை.

குழப்பம் வருவது குரோசியாவுக்கும் மக்சிமாவுக்கும் இடையில்தான். மக்சிமாவின் ஓடு ஒரு பக்கம் நீண்டு, பிணைச்சல் நடுவில் இல்லாமல் ஒதுங்கி நிற்கும், செதில்கள் நெருக்கமாக வரிசை வரிசையாக இருக்கும். குரோசியா முட்டை வடிவம், அதன் செதில்கள் விளிம்போரம் மட்டும் மிஞ்சியிருக்கும், கீழே எல்லாம் தேய்ந்துபோயிருக்கும். காரணம், அது கடலில் முருகைக்கல்லைத் துளைத்து உள்ளே இறங்கி, உதட்டை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு வாழும் இனம். வளர்ந்தாலும் 15 சென்ரிமீற்றர் அளவுதான், நான்கிலும் சிறியது. மக்சிமா 30 சென்ரிமீற்றரைத் தாண்டும். ஸ்குவாமோசா 40 வரை போகும், டெராசா கடலில் 50க்கும் மேல்.

சிறிய தொட்டிக்குச் சிறிய குரோசியாதான் பொருத்தம் என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குரோசியாவும் மக்சிமாவும் ஆழமில்லாத தண்ணீரில் உச்சி வெயிலில் கிடந்து பழகியவை. அவற்றின் உதட்டுக்குள் வாழும் நுண்பாசிதான் வெளிச்சத்தைக் கொண்டு அவற்றுக்குச் சோறு போடுகிறது. தொட்டியின் மேல்மட்டக் கல்லில், பலமான எல்ஈடிக்கு நேர் கீழே வைக்க வேண்டும். அவ்வளவு விளக்கு எரிந்தால் தண்ணீரும் சுடும், கரண்ட் பில்லும் ஏறும். ஸ்குவாமோசாவுக்கும் டெராசாவுக்கும் நடுத்தர வெளிச்சம் போதும், மணலிலேயே கிடக்கும். எங்கள் ஊரில் எது நிலைக்கும் என்பதை இந்த ஒரு வித்தியாசமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது எங்கள் விறாந்தையில் தொட்டித் தண்ணீர் தன்பாட்டிலேயே 31 பாகைக்குப் போகும். மட்டிக்கு 25 முதல் 27 நல்லது, 30க்கு மேல் நாட்கணக்கில் நின்றால் நுண்பாசி வெளியேறி உதடு நடுவிலிருந்து வெளுத்துக்கொண்டு வரும். 1998இல் இலங்கையின் முருகைக்கற்கள் வெளுத்ததும் இதே காரணத்தால்தான். குளிரூட்டி வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். எனக்கு இரண்டு சின்ன மின்விசிறிகள் தண்ணீர் மேல் ஊதியே இரண்டு, மூன்று பாகை குறைக்கின்றன. ஆனால் ஆவியாவது உப்பு இல்லாத தண்ணீர் என்பதால் ஒவ்வொரு நாளும் ஆர்ஓ தண்ணீர் விட்டு உப்பின் அடர்த்தி அளவை 1.025இல் நிறுத்தவேண்டும். கிணற்றுத் தண்ணீரை விடாதீர்கள். கடற்கரையில் தண்ணீர் அள்ளுகிறவர்களுக்கும் ஒரு சொல்: மாரியில் முகத்துவாரம் திறந்து வாவித் தண்ணீர் கடலில் கலக்கும் நாட்களில் அள்ளவே வேண்டாம், உப்பும் குறைவு, சேறும் அதிகம்.

கரண்ட் விஷயம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கூட மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றுதான் என் தொட்டியைக் காப்பாற்றியது. டெராசா ஓட்டை மூடிக்கொண்டு கிடந்துவிட்டு, மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல விரிந்தது. மக்சிமா நான்கு நாள் பாதி உதட்டைத்தான் காட்டியது.

அந்த மக்சிமாவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அது கல்லில் நூல் விட்டுப் பிடித்திருந்தது. கல்லை இடம் மாற்றும் நாளில் என் மச்சான் உதவிக்கு வந்தார். "இழுத்தா வரும்" என்றார், நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் இழுத்துவிட்டார். வந்தது, கூடவே காலின் சதையும் கிழிந்து வந்தது. எட்டாம் நாள் மட்டி வாய் பிளந்து கிடந்தது. மேலே கையை அசைத்தால் நிழல் பட்டவுடன் சுருங்கவேண்டும், அதன் உதட்டோரம் நூற்றுக்கணக்கில் ஊசித்துளைக் கண்கள் உண்டு. என் கை மூன்று முறை போய் வந்தது, சுருங்கவே இல்லை. உடனே எடுத்து, அன்றிரவே தண்ணீரில் கால்வாசி மாற்றினேன், இல்லையென்றால் அமோனியா ஏறி மற்றதும் போயிருக்கும்.

நூலைச் சின்ன பிளேடால் கல்லோடு ஒட்டி வெட்டவேண்டும், இழுக்கக் கூடாது. அதைவிட நல்லது, வாங்கிய அன்றே கைக்கடக்கமான தட்டைக்கல் ஒன்றின்மேல் வைப்பது. பிறகு மாற்றவேண்டுமென்றால் கல்லோடு தூக்கலாம், அடித் திறப்புக்குள் முள்ளுப்புழு நுழைவதையும் கல் தடுக்கும். குரோசியாவுக்கு இந்த வழியும் முழுதாகக் கைகொடுக்காது, பெருங்கல்லுக்குள் துளைத்து இறங்கிவிட்டால் அது அங்கேதான். ஸ்குவாமோசாவும் டெராசாவும் பெரிதாக வளர வளரப் பிடியைத் தளர்த்திவிடும், அந்த வகையிலும் அவையே இலகு.

டெராசாவுக்கும் குறை இருக்கிறது, மறைக்கக்கூடாது. நன்றாக இருக்கும் தொட்டியில் வேகமாக வளரும், வளரும்போது கல்சியத்தையும் காரத்தன்மையையும் உறிஞ்சி எடுக்கும். கல்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 10 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) என்று வைத்திருந்த எனக்கு வாரத்துக்கு ஒருமுறை அளப்பது போதாமல் போய், இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை அளக்கிறேன். சில வருடங்களில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வந்துவிடும், அப்போது 200 லீற்றர் தொட்டி அதற்குப் போதாது. நிறமும் மக்சிமா மாதிரிக் கண்ணைப் பறிக்காது, பழுப்பும் பொன்னும் கோடு கோடாக ஓட, ஓரத்தில் மட்டும் நீலம் கலந்த பச்சை விளிம்பு. ஆனால் காலையில் விளக்கு ஏறும்போது அந்த விளிம்பு மினுங்குவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

எந்த இனம் எடுத்தாலும் 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த குஞ்சு எடுக்கவேண்டாம், பிழைப்பது கஷ்டம். தொட்டி ஆறு மாதமாவது ஓடியிருக்கவேண்டும். தண்ணீரை நைத்திரேற்றே இல்லாமல் சுத்தம் செய்கிறவர்கள் மட்டியைப் பட்டினி போடுகிறார்கள், அதற்குக் கொஞ்சம் வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன், தேவதை மீன், பேத்தை மூன்றும் உதட்டைக் கொத்தும், சேர்க்காதீர்கள். இரவில் டோர்ச் அடித்து ஓட்டின் மடிப்புகளில் அரிசி அளவு வெள்ளை நத்தைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இருந்தால் பழைய பல்தூரிகையால் தேய்த்து எடுங்கள், இவை மட்டியின் சாற்றை உறிஞ்சியே கொல்லும்.

மக்சிமாவும் ஸ்குவாமோசாவும் எங்கள் இலங்கைக் கடலிலேயே இருப்பவை என்பதால், பாசிக்குடாவிலோ காயங்கேணியிலோ ஒன்றைப் பெயர்த்து வந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். காயங்கேணி 2019இலிருந்து கடல்சார் சரணாலயம். அதோடு இந்த மட்டிகள் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுத்தான் இனம் பெருக்கும், முருகைக்கல் பாரில் ஒன்றுக்கொன்று தூரமாகிவிட்டால் குஞ்சு கிடைப்பது அரிது. ஒன்றை எடுப்பது, பக்கத்தில் இருப்பதையும் தனியாக்குவது. சைற்றிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்த இனங்கள் எல்லாம் இருப்பதால், நாடு விட்டு நாடு வருபவை அனுமதிப் பத்திரத்தோடுதான் வரவேண்டும், கடையில் அதைக் கேளுங்கள். டெராசாவைப் பசிபிக் கடலில் உள்ள பலாவ் தீவு நாட்டில் பல தசாப்தங்களாகப் பண்ணையில் வளர்க்கிறார்கள், பண்ணையில் பிறந்தது என்று உறுதியாகத் தெரிந்து வாங்க அதில்தான் வாய்ப்பு அதிகம்.

ஆக, முதல் மட்டி என்றால் டெராசா, இடம் குறைவென்றால் ஸ்குவாமோசா. ஒரு கச்சான் காலம் முழுக்க வெப்பத்தை 28க்குக் கீழ் நிறுத்திக் காட்டியவர்கள் மக்சிமாவைத் தொடலாம். குரோசியாவைக் குளிரூட்டியும் நல்ல விளக்கும் வைத்திருக்கிறவர்களுக்கு விட்டுவிடுகிறேன். என் தொட்டியில் இப்போது டெராசா இடது மூலையில், போன மாசியில் வந்த ஸ்குவாமோசா வலப்பக்கம். மச்சான் இப்போதும் வருவார், தொட்டிக்குள் கை வைப்பதில்லை, விரலைக் கண்ணாடிக்கு மேலே அசைத்துச் சுருங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.