உலாவியா, பிட்வார்டனா, கீபாஸ்எக்ஸ்சியா: கடவுச்சொற்களை எங்கே வைப்பது?

கடவுச்சொற்களைச் சேமித்துவைத்து, வேண்டும் இடத்தில் நிரப்பித்தரும் மென்பொருள்களான கடவுச்சொல் மேலாளர்களை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் வசதிகளை வரிசைப்படுத்தி, எதில் அதிகம் இருக்கிறதோ அதற்கு முதலிடம் கொடுத்துவிடுகின்றன. என் கருத்தில் அந்த அளவுகோல் போதாது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் எந்த மேலாளரும் நன்றாகவே வேலை செய்யும். சேவை நிறுவனத்தின் சர்வரிலிருந்து தரவு களவுபோகும் நாளில், கைபேசியோ கணினியோ பிறர் கைக்குப் போகும் நாளில், மற்ற எல்லாவற்றையும் திறக்கும் தலைமைக் கடவுச்சொல்லை நாமே மறந்துவிடும் நாளில் ஒரு மேலாளர் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நோக்கில், பணம் கட்டாமல் பயன்படுத்தக்கூடிய மூன்று வழிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: குரோம் உலாவியோடும் ஆண்ட்ராய்டோடும் வரும் கூகுள் கடவுச்சொல் மேலாளர், மேகத்தில், அதாவது நிறுவனத்தின் சர்வரில், இயங்கும் பிட்வார்டன், நம் கணினியிலேயே ஒரு கோப்பாக இருக்கும் கீபாஸ்எக்ஸ்சி.

மேலாளரே எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள், எந்த மறையாக்கமும் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல் அப்படியே வெளியாயின. அத்தகைய பட்டியல்களை வைத்துக்கொண்டு அதே மின்னஞ்சல், அதே கடவுச்சொல் வேறு எந்தெந்தத் தளங்களில் திறக்கிறது என்று தானியங்கி நிரல்கள் இன்றும் முயன்று பார்க்கின்றன. தளத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் கடவுச்சொல் வைத்தால் இந்தத் தாக்குதல் அதோடு நின்றுவிடும். அத்தனையையும் மனத்தில் வைத்திருப்பது எவராலும் ஆகாது. இன்னொரு பயன் அதிகம் பேசப்படுவதில்லை. வங்கியின் தளத்தைப் போலவே தோன்றும் போலித் தளத்தில் நம் கண் ஏமாறலாம், ஆனால் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மேலாளர் ஏமாறாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது நிரப்ப மறுத்தால், அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். காகிதக் குறிப்பேட்டால் தர முடியாத பாதுகாப்பு இது.

முதலில் சர்வர் களவுபோகும் நாள். இதற்கு லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் மேலாளர் நிறுவனத்தின் அனுபவத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. 2022 ஆகஸ்டில் அந்நிறுவனத்தின் உருவாக்கச் சூழலுக்குள் ஊடுருவியவர்கள், அங்கே கிடைத்த தகவலைக் கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த ஊடக மென்பொருளின் ஓட்டை வழியாக, விசை அழுத்தங்களைப் பதிவுசெய்யும் நிரலை நுழைத்து, அவருடைய தலைமைக் கடவுச்சொல்லையே எடுத்தார்கள். வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் இருக்கும் பெட்டகங்களுடைய காப்பு நகல்கள் களவுபோனதை நிறுவனம் டிசம்பரில் அறிவித்தது. பெட்டகத்துக்குள் இருந்த கடவுச்சொற்கள் மறையாக்கப்பட்டிருந்தன; தள முகவரிகளோ அப்போது மறையாக்கப்படவில்லை. யாருக்கு எந்த வங்கியில் கணக்கு, எந்தக் கிரிப்டோ சந்தையில் கணக்கு என்பது நகலை எடுத்தவர்களுக்கு வெளிப்படையாகத் தெரிந்தது. யாருடைய பெட்டகத்தை முதலில் உடைக்கலாம் என்று அவர்கள் தேர்ந்தெடுக்க அது வழி செய்தது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. தலைமைக் கடவுச்சொல்லிலிருந்து மறையாக்கச் சாவியை உருவாக்கும்போது, ஒரே கணக்கீட்டைப் பல்லாயிரம் முறை திரும்பச் செய்வார்கள். ஊகித்துப் பார்ப்பவருக்கு ஒவ்வோர் ஊகமும் அத்தனை மடங்கு செலவாக வேண்டும் என்பதே நோக்கம். லாஸ்ட்பாஸின் பழைய கணக்குகள் சிலவற்றில் இந்த எண்ணிக்கை 5,000 ஆகவே விடப்பட்டிருந்தது. பிட்வார்டன் 2023-இல் தன் இயல்பு எண்ணிக்கையை 6,00,000 ஆக்கியது, அதாவது லாஸ்ட்பாஸின் அந்த 5,000-ஐப் போல 120 மடங்கு. அதே ஆண்டில், நினைவகத்தையும் அதிகம் கேட்கும் ஆர்கான்2 முறையையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது. பழைய பிட்வார்டன் கணக்கு வைத்திருப்பவர்கள் வலைப் பெட்டகத்தின் பாதுகாப்பு அமைப்புக்குள் போய்த் தங்கள் எண்ணிக்கை எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பிட்வார்டனில் தள முகவரி, பயனர் பெயர், குறிப்பு எல்லாமே நம் கருவியிலேயே மறையாக்கப்பட்டுத்தான் சர்வருக்குப் போகின்றன. நிரல் எவரும் படித்துப் பார்க்கக்கூடிய திறமூலமாக இருப்பதால், இந்தக் கூற்றை நிறுவனத்தின் வாய்ச்சொல்லாக மட்டும் ஏற்க வேண்டியதில்லை.

கீபாஸ்எக்ஸ்சிக்கு இந்த நாளே வராது, ஏனெனில் களவுபோக ஒரு பொதுச் சர்வர் இல்லை. டொமினிக் ரைக்ல் 2003-இல் வெளியிட்ட கீபாஸின் வழிவந்த திறமூல மென்பொருள் இது. எல்லாக் கடவுச்சொற்களும் ஒரே மறையாக்கக் கோப்பில் இருக்கும், அந்தக் கோப்பை எங்கே வைப்பது என்பது நம் விருப்பம். கூகுளைப் பொறுத்தவரை அதன் சர்வரைக் காக்கும் பொறியாளர் படையின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கருவியிலேயே மறையாக்கும் தேர்வை நாம் அமைப்பில் இயக்காதவரை, பெட்டகத்தின் சாவி கூகுளின் பொறுப்பிலேயே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, பல கருவிகளில் ஒரே தரவை வைக்கும் தன் ஒத்திசைவில் இதைத் தொடக்கத்திலிருந்தே பயனரின் சாவியால் மறையாக்குகிறது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

பிட்வார்டனும் கீபாஸ்எக்ஸ்சியும் எவ்வளவு உறுதியானவை என்பது கடைசியில் தலைமைக் கடவுச்சொல்லில்தான் போய் நிற்கிறது. பகடையை ஐந்து முறை உருட்டி ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும் டைஸ்வேர் முறை 1995 முதல் புழக்கத்தில் உள்ளது. 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் என்பதால், கூட்டும் ஒவ்வொரு சொல்லும் ஊகிப்பவரின் வேலையை 7,776 மடங்கு பெருக்கும். ஐந்து அல்லது ஆறு சொற்கள் போதும். சொற்களைப் பகடை தேர்ந்தெடுக்க வேண்டும். மனத்துக்குப் பிடித்த பாட்டு வரியும் பலரும் அறிந்த செய்யுள் அடியும் ஊகப் பட்டியல்களில் எளிதில் இடம்பெறக்கூடியவை.

தமிழில் வைக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. தமிழ் எழுத்துகளில் வைக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ‘கொ’ என்ற எழுத்தை ஒரு விசைப்பலகை ககரமும் ஒகரக் குறியுமாக அனுப்பும். இன்னொன்று ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்றாக அனுப்பும். ஒருங்குறித் தரத்தின்படி இவை சமமானவை, திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் எல்லா மென்பொருளும் இவற்றைச் சமப்படுத்திய பிறகே கணக்கிடும் என்று நம்ப முடியாது. சமப்படுத்தாத இடத்தில், சரியான கடவுச்சொல்லை அடித்தும் பெட்டகம் திறக்காது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைக்கலாம், அது நினைவிலும் நிற்கும். ‘வாழை’யின் நெடிலுக்கு ஓர் ஏ-யா இரண்டா, ழகரத்துக்கு இசட்டும் எச்சுமா வெறும் எல்லா என்பதை மட்டும் முதல் நாளே முடிவுசெய்து, அந்த எழுத்துக்கூட்டலிலேயே தாளில் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது கருவி கைமாறும் நாள், இங்கேதான் உலாவி பின்தங்குகிறது. கைபேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது கடைக்காரர் திரைப்பூட்டின் எண்ணைக் கேட்பதும், நாம் அதை ரசீதின் ஓரத்தில் எழுதிக்கொடுப்பதும் நம் ஊரில் அன்றாடம் நடப்பவை. கூகுள் மேலாளர் சேமித்த கடவுச்சொல்லைக் காட்டுவதற்குமுன் கேட்பதும் அதே திரைப்பூட்டைத்தான். எண்ணைக் கொடுத்தவர் பெட்டகத்தையும் சேர்த்தே கொடுக்கிறார். பிட்வார்டனுக்கும், கீபாஸ் கோப்பைக் கைபேசியில் திறக்கும் செயலியான கீபாஸ்டிஎக்ஸுக்கும் தனிப் பூட்டு வைக்கலாம். திரைப்பூட்டு தெரிந்தவருக்கும் அவை திறக்காது. ஆப்பிள் இந்தச் சிக்கலை உணர்ந்து, 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-இல் திருடப்பட்ட கருவிக்கான பாதுகாப்பைச் சேர்த்தது. அதை இயக்கியிருந்தால், பழக்கமில்லாத இடத்தில் கடவுச்சொற்களைத் திறக்கத் திரைப்பூட்டின் எண் மட்டும் போதாது, முகமோ விரல்ரேகையோ வேண்டும்.

கணினியில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. திருட்டு நகல் மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வரும் ரெட்லைன் போன்ற தகவல் திருடும் நிரல்கள், உள்ளே வந்தவுடன் தேடுவது உலாவியின் கடவுச்சொல் கோப்பைத்தான். விண்டோஸில் குரோம் அந்தக் கோப்பை நம் பயனர் கணக்கோடு பிணைந்த சாவியால் பூட்டி வந்தது. அதே பயனர் கணக்கில் ஓடும் எந்த நிரலும் அந்தச் சாவியைக் கேட்டு வாங்க முடிந்தது. 2024-இல் குரோம் 127 முதல் சாவியைச் செயலியோடு பிணைக்கும் ஏற்பாட்டை, முதலில் நம் உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கிகளுக்காக, கூகுள் கொண்டுவந்தது. அது நல்ல முன்னேற்றம், ஆனால் அதையும் சுற்றிப்போகும் வழிகளைத் திருட்டு நிரல்களை எழுதுபவர்கள் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பூட்டிய நிலையில் உள்ள பிட்வார்டன் பெட்டகத்தையோ கீபாஸ்எக்ஸ்சி கோப்பையோ ஒருவர் அள்ளிக்கொண்டு போனாலும், தலைமைக் கடவுச்சொல் இன்றி அது பயன்படாது. பூட்டிய நிலையில் என்பது முக்கியம். நாள் முழுவதும் திறந்தே கிடக்கும் பெட்டகத்துக்கும், விசை அழுத்தங்களைப் பதிவுசெய்யும் நிரல் புகுந்த கணினிக்கும் எந்த மேலாளரும் காவல் நிற்க முடியாது. சில நிமிடங்களில் தானே பூட்டிக்கொள்ளும்படி அமைப்பதும், நகலெடுத்த கடவுச்சொல் கிளிப்போர்டிலிருந்து அழிகிறதா என்று பார்ப்பதும் அவசியம். கீபாஸ்எக்ஸ்சி பத்து விநாடியில் அதைத் தானாகவே அழிக்கும்; பிட்வார்டனில் அந்த அமைப்பை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறக்கும் நாளில் நிலைமை தலைகீழாகிறது. கூகுள் கணக்கை மீட்க மாற்று எண், மாற்று மின்னஞ்சல் எனப் பல வழிகள் உண்டு. மறதி மிகுந்தவருக்கு உலாவியே இரக்கமுள்ள தேர்வு. பிட்வார்டனால் தலைமைக் கடவுச்சொல்லை மீட்டுத்தர இயலாது, அவர்களிடம் அது இல்லை என்பதே அதன் பாதுகாப்புக்கு அடிப்படை. கீபாஸ்எக்ஸ்சிக்கு உதவி கேட்க எவருமே இல்லை.

பிட்வார்டனில் ஒரு சுழல் பூட்டும் இருக்கிறது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைக்காத கணக்குகளில் புதிய கருவியிலிருந்து நுழைந்தால், 2025 முதல் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு வருகிறது. அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் பிட்வார்டனுக்குள் மட்டுமே இருந்தால், கைபேசி தொலைந்த அன்று பெட்டகத்தைத் திறக்க மின்னஞ்சல் வேண்டும், மின்னஞ்சலைத் திறக்கப் பெட்டகம் வேண்டும் என்றாகிவிடும். ஆகவே தலைமைக் கடவுச்சொல், மின்னஞ்சலின் கடவுச்சொல், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கடக்கப் பிட்வார்டன் தரும் மீட்புக் குறியீடு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, நகையும் பத்திரமும் இருக்கும் இடத்தில் வைக்கச் சொல்கிறேன். நமக்கு ஏதேனும் நேர்ந்தால் வீட்டாருக்கும் அந்தத் தாள்தான் வழி.

அன்றாடப் பயன்பாட்டில் கீபாஸ்எக்ஸ்சி நம்மிடம் ஒழுக்கத்தைக் கேட்கிறது. கோப்பைக் கூகுள் டிரைவிலோ, கருவிகளுக்கிடையே நேரடியாகக் கோப்பை அனுப்பும் சிங்திங் என்ற மென்பொருள் வழியாகவோ ஒத்திசைக்கலாம். ஆனால் இணையம் இல்லாத பேருந்துப் பயணத்தில் கைபேசியில் ஒரு பதிவைத் திருத்திவிட்டு, அது போய்ச் சேருமுன் மடிக்கணினியில் இன்னொன்றைத் திருத்தினால், இரண்டு கோப்புகள் உருவாகிவிடும். இரண்டையும் இணைக்கும் வசதி கீபாஸ்எக்ஸ்சியிலேயே உண்டு, அதன் வேலையும் நேர்த்தியானது. ஆனால் ‘முரண் நகல்’ என்ற பெயரோடு கிடக்கும் கோப்பைக் கவனித்து இணைக்கும் பழக்கம் நமக்கு வேண்டும். கணினியோடு புழங்குபவருக்கு இது சிறிய வேலை. அப்படியில்லாத உறவினருக்கு இதை நிறுவிக்கொடுப்பது அவருக்கு உதவியாகாது. அவருக்குப் பிட்வார்டன்தான் சரி: எத்தனை கடவுச்சொற்களை, எத்தனை கருவிகளில் வைத்தாலும் இலவசம், ஒத்திசைவும் தானாக நடக்கும். நான் பிறருக்கு முதலில் சொல்வதும் அதைத்தான். எதையும் புதிதாக நிறுவ மாட்டேன் என்பவர் உலாவியிலேயே இருக்கட்டும், திரைப்பூட்டை எவருக்கும் சொல்லாதிருந்தால் ஒரே கடவுச்சொல்லை எங்கும் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பணம் செலுத்தத் தயங்காதவர்களுக்கு 1பாஸ்வேர்டு உண்டு. தலைமைக் கடவுச்சொல்லோடு, கருவியில் உருவாகும் ஒரு ரகசியச் சாவியையும் அது சேர்த்துக்கொள்வதால், சர்வர் நகலை மட்டும் வைத்து ஊகிப்பது நடைமுறையில் இயலாது. வீட்டில் எல்லாமே ஆப்பிள் கருவிகள் என்றால், 2024-இல் வந்த பாஸ்வேர்ட்ஸ் செயலி போதும். கடவுச்சொல்லுக்குப் பதிலாக, சேமித்துவைத்த ஒரு சாவியால் தளத்துக்குள் நுழையும் பாஸ்கீ பரவலாகும்போது இந்த ஒப்பீடு மாறலாம். பிட்வார்டனும் கீபாஸ்எக்ஸ்சியும் ஏற்கெனவே பாஸ்கீக்களைச் சேமிக்கின்றன.

உலாவியிலிருந்து மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரோம் ஏற்றுமதி செய்து தரும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் மறையாக்கம் இல்லாமல், எவரும் படிக்கும்படி இருக்கும். அதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கணினி மாற்றி அனுப்பக் கூடாது. அதே கணினியில் புதிய மேலாளருக்குள் ஏற்றி, பத்துப் பதிவுகளையாவது திறந்து சரிபார்த்து, பிறகு பதிவிறக்க அடைவிலிருந்தும் மறுசுழற்சித் தொட்டியிலிருந்தும் அழிக்க வேண்டும். அதன்பின் குரோமில் சேமித்தவற்றை நீக்கி, ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா’ என்று அது கேட்பதையும் அமைப்பில் நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் புதிய கடவுச்சொற்கள் பாதி அங்கும் பாதி இங்குமாகச் சிதறும்.