ஐந்து வருடமாக ஆர்94.6 எழுதுகிறேன்

ஹட்டனில் வீட்டிலிருந்தபடியே ராத்திரி ஷிப்ட்டில் அமெரிக்கக் கிளினிக்குகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறேன். டொக்டர் எழுதும் குறிப்பைப் படித்து, அதிலுள்ள நோய்க்கும் சோதனை முடிவுக்கும் உரிய கோட்டைப் போடுகிற வேலை அது. அங்கே விடியும்போது இங்கே பனி இறங்கிவிடும், கம்பளிக்குள் இருந்தபடிதான் வேலை. ஐந்து வருடத்தில் நான் அதிகம் தட்டிய கோட்களில் ஒன்று ஆர்94.6. தைரொயிட் செயற்பாட்டுச் சோதனையில் முடிவு சரியில்லை என்பதற்கான கோட் அது. இத்தனை வருடம் அதோடு பழகியதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் வருடமே சூடு பட்டேன். ஒரு பெண்ணின் டீஎஸ்எச் 6.9. தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன் அது, தைரொயிட் மந்தமானால் கூடும், அதிகமாக ஓடினால் குறையும். சாதாரணமாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும். டொக்டர், "தைரொயிட் குறைபாடாக இருக்கலாம், ஆறு வாரத்தில் திரும்பப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஈ03.9, அதாவது தைரொயிட் குறைபாடு என்று போட்டேன். ஓடிட்டில் திரும்பி வந்தது. வெளிநோயாளர் குறிப்பில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று இருந்தால் அதை நோயாகக் கோட் பண்ணக்கூடாது, அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது எதுவோ அதைத்தான் போட வேண்டும் என்பது அமெரிக்க விதி. வார்டில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு விதி வேறு, அங்கே 'இருக்கலாம்' என்பதையும் நோயாகவே போடலாம். எனக்குக் குழம்பியதே இந்த இடத்தில்தான்.

ஆர்94.6இன் பெரிய குறை, அது திசை சொல்லாது. டீஎஸ்எச் 0.01 ஆனாலும் 9 ஆனாலும் ஒரே கோட். ஒருவருக்குத் தைரொயிட் தலைதெறிக்க ஓடுகிறது, இன்னொருவருக்குப் படுத்துக் கிடக்கிறது. கோட்டை மட்டும் பார்த்தால் இருவரும் ஒருவரே. ரிப்போர்ட்டில் எண் சிவப்பாகத் தெரிகிறதே என்று நாமாக அந்தக் கோட்டைப் போடவும் முடியாது. டொக்டர் அதைப் பொருட்படுத்தி ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது ஈ02. டொக்டர் 'சப்கிளினிக்கல்' (டீஎஸ்எச் மட்டும் கூடி, தைரொயிட் ஹோர்மோன் சரியாகவே இருப்பது) என்று எழுதினால் மென்பொருள் இந்தக் கோட்டை முன்னால் கொண்டுவந்து நீட்டும். முழுப் பெயரைப் படித்தால் அது அயடீன் குறைவால் வருவது என்று இருக்கும். அயடீனைப் பற்றி டொக்டர் மூச்சே விடாதபோது நான் எப்படிப் போடுவது? எங்கள் அணியில் அதற்கு ஈ03.8தான். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் விழுகிறார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஆளுக்கு மூன்று வருடமாக மாத்திரை ஓடுகிறது, டொக்டர் நோயின் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறார், போன தடவைக் குறிப்பிலிருந்து ஆர்94.6 மட்டும் அப்படியே தொற்றிக்கொண்டு வரும். எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். நோய் உறுதியான நாளோடு ஆர்94.6க்கு வேலை முடிந்துவிடுகிறது.

போன வருடம் இதெல்லாம் வீட்டுக்குள்ளேயே வந்தது. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறவர். மலை ஏறினால் களைப்பு, குளிர் தாங்கவில்லை என்றார். மலைநாட்டில் குளிர் தாங்கவில்லை என்று சொன்னால் யார் பெரிதாக எடுப்பார்கள்? கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், டீஎஸ்எச் 7.8. கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியது இரண்டே விஷயம்: கூடியிருக்கிறது, 6/52. ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, "கழுத்தில கழலை வந்துரும், உப்பைக் கூட்டிச் சாப்பிடு" என்றார். இலங்கையில் 1995இலிருந்து உப்பில் அயடீன் சேர்க்கிறார்கள், அள்ளிப் போட்டால் பிரஷர்தான் ஏறும் என்று நான் சொன்னது எடுபடவில்லை. தங்கச்சி கொழும்பிலிருந்து போன் பண்ணி அழுதாள். இன்னும் நோய் என்று யாரும் சொல்லவில்லை, திரும்பப் பார்க்கத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏன் புள்ள, நோய் இல்லேன்னா எதுக்கு ரத்தம் எடுத்தாங்க?"

ஐந்து வருடம் அந்தக் கோட்டை எழுதியவளுக்கு அதற்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆறு வாரமும் எங்கள் வீட்டில் ஆர்94.6தான் குடியிருந்தது. கொப்பியில் கோட் எதுவும் கிடையாது, இங்கே அது பெரும்பாலும் வார்டில் தங்கிப் போகிறவர்களுக்குத்தான். ஆனாலும் ராத்திரி அந்தக் கோட்டைத் தட்டும்போதெல்லாம் கை ஒரு நொடி நின்றது.

இரண்டாவது தடவை டீஎஸ்எச் 11ஐத் தாண்டியது, தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனான ஃப்ரீ டீ4 குறைந்திருந்தது. இந்தத் தடவை டொக்டர் நோயின் பெயரையே எழுதி, தைரொக்சின் 50 மைக்ரோகிராம் கொடுத்தார். பேர் தெரிந்ததும் அம்மாவுக்கு நிம்மதி. அப்புறம் வந்தது அடுத்த சிக்கல்: வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், அரை மணியாவது வேறெதுவும் கூடாது. அம்மாவோ கண் விழித்ததும் பிளேன்டீ இல்லாமல், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு அடி எடுத்துவைக்க மாட்டார். இப்போது என் ஷிப்ட் முடிவதற்கு முன்பே, நாலரைக்கு, நானே எழுப்பி மாத்திரையைக் கையில் கொடுக்கிறேன். ஐந்தேகாலுக்குத்தான் கேத்தல் அடுப்பில் ஏறும்.