தானாகப் பேசும் ஸ்பீக்கர்: பேசட்டும், நான் சொல்வதை யார் கேட்பது?

கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பிய ஸ்மார்ட் ஸ்பீக்கர் இது. பாட்டு கேட்க நல்ல சாமான், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குறையெல்லாம் அது தானாக வாய் திறக்கும் இடத்தில்தான். நாம் கேட்க அது பதில் சொல்வது பழைய கதை. இப்போது வருபவை நம் பழக்கத்தைக் கவனித்து வைத்துக்கொண்டு, லைட்டை அணைக்கவா, ஹீட்டரைப் போடவா என்று முந்திக்கொண்டு கேட்கின்றன. அமேசானின் அலெக்சாவில் இந்த வசதி 'ஹன்சஸ்' என்ற பெயரில் 2018இல் வந்தது. 2021இலிருந்து, நாம் ஒரு தடவை அனுமதி கொடுத்துவிட்டால் கேட்காமலே செய்துவிடும். என்னிடம் இருப்பது அது இல்லை, வேறொரு கம்பனியுடையது. பெயர் எதற்கு, விடுங்கள்.

எங்கள் வீடு நுவரெலியா டவுனுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்குக் கொடுக்கிறோம். வைஃபை பாஸ்வேர்டைப் போட்ட கையோடு இந்தச் சாமான் சொன்ன முதல் யோசனை, "வெளியே 31 பாகை, ஃபேன் போடட்டுமா?" ஸ்வெட்டருக்கு மேல் சால்வையையும் போர்த்திக்கொண்டு நின்ற அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஃபேனே கிடையாது. இன்டர்நெட் இணைப்பை வைத்து நாம் இருக்கும் இடத்தை ஊகிக்கிறதாம், எங்கள் இணைப்போ வெளியே கொழும்பு என்றுதான் காட்டுகிறது. 1,868 மீட்டர் உயரத்தில் குளிரில் நிற்பவளுக்குக் காலிமுகத்திடல் வெயில். முகவரியைக் கையால் போட்டதும் அது சரியாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால், யோசனை தவறு என்று சொல்ல ஆப்பில் இருந்தது கட்டைவிரல் மேலே, கட்டைவிரல் கீழே, அவ்வளவுதான். தவறு எதில்? இடத்திலா, வெயிலிலா, ஃபேனிலா? அதைச் சொல்ல இடமே இல்லை. கீழே பார்க்கும் விரலை அமுக்கினேன். அடுத்த நாள், ஏசி போடட்டுமா என்று கேட்டது.

சுடுதண்ணி விஷயம்தான் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது. சாயங்காலம் ஆறரைக்கு நான் கீசர் போடுவதைப் பார்த்துப் பழகி, அந்த நேரத்துக்கு அதுவே கேட்க ஆரம்பித்தது. நல்ல விஷயம். அப்புறம் ஒரு நாள் வரவேண்டியவர்கள் எல்ல ரயிலில் மாட்டிக்கொண்டு தாமதம், நான் "நோ" என்றேன். இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்பது ஒன்று. ஒரு மணி நேரம் கழித்துக் கேள் என்பது வேறு. இனி இதைப் பற்றிப் பேச்சே எடுக்காதே என்பது முற்றிலும் வேறு. இந்தச் சாமானுக்கு மூன்றும் ஒன்றுதான். அதே போல இன்னும் இரண்டொரு நாள் சொன்னேன், கேட்பதையே நிறுத்திக்கொண்டது. "இன்றைக்கு மட்டுமா?" என்று ஒரே ஒரு சின்னக் கேள்வி திருப்பிக் கேட்டிருந்தால் போதும்.

இடையில் ஒன்று: கீசரைச் சின்ன ஸ்மார்ட் பிளக்கில் செருகிவிடாதீர்கள். 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும், கடையில் கிடைக்கும் பிளக்குகள் பல 10 ஆம்பியர்தான் தாங்கும். நான் வயரிங் வேலை பார்க்கும் பாஸைக் கூப்பிட்டுத் தனியாக ஸ்மார்ட் சுவிட்ச் போட்டேன்.

அத்தையின் கதை இன்னொரு மாதிரி. இதற்குத் தமிழ் தெரியாது. வராந்தா லைட்டைப் போடட்டுமா என்று இங்கிலீஷில் கேட்டால், அவர் "வேணாம் சாமி, சும்மா கெட" என்பார். அது ஆப்பில் 'பதில் இல்லை' என்று பதிவாகும். பதில் இல்லை என்றால் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் போனதும் தானாகவே லைட்டைப் போட ஆரம்பித்துவிட்டது. அத்தை எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைப் பட்டென்று அணைத்தார். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிப் பதில் சொல்வது? எனக்குப் போனில் வந்த செய்தி: "வராந்தா பல்ப் இணைப்பில் இல்லை, மின்சாரத்தைச் சரிபாருங்கள்." நாம் கையால் மாற்றுவதையெல்லாம் கோளாறு என்றே பார்க்கிறது. வீட்டில் பாதிப் பேர் கையால்தான் பேசுவார்கள் என்பது இதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

கருத்துக் கேட்கும் நேரமும் அப்படித்தான். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே சாதாரணம். நடுச்சாமத்தில் கரண்ட் வந்ததும் இது விழித்துக்கொண்டு, முழுச் சத்தத்தில் வணக்கம் சொல்லி, நேற்றைய யோசனை உதவியாக இருந்ததா என்று விசாரித்தது. "என்னா புள்ள இது, பெரட்டுக்குத் தப்படிக்கிற மாதிரி?" என்று அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலமெல்லாம், காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் அந்தத் தப்புச் சத்தத்துக்கு எழுந்தவர் அவர். எனக்கு ஒபிஸ் 97இல் வந்த காகிதக் கிளிப்தான் ஞாபகம் வந்தது. கடிதம் எழுதத் தொடங்கினாலே உதவட்டுமா என்று எட்டிப்பார்க்குமே, அது.

அறைக்கு வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்து "ஸ்டொப்" என்று கத்துவதும் என் பதிலாகவே அதன் கணக்கில் ஏறுகிறது. குரலைப் பிரித்தறியும் வசதி இருக்கிறது, ஆனால் யோசனைகளுக்கு அதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் மழுப்பாமல் சொல்கிறது: போன வாரம் இந்த நேரத்தில் நீங்கள் அணைத்தீர்கள், அதனால் அணைத்தேன். காரணம் தெரிந்தால் எதைத் திருத்துவது என்று நமக்கும் தெரிகிறது. இன்னொன்று, செட்டிங்கில் ஆழத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்: சொல்ல ஏதாவது இருந்தால் பேசாமல் மேலே உள்ள சின்ன விளக்கை மட்டும் மினுக்கும் முறை. நான் போய் என்ன என்று கேட்டால்தான் பேசும். அதைப் போட்ட பிறகு வீட்டில் சண்டை இல்லை. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

வாங்குபவர்கள் முதல் நாளே முகவரியைக் கையால் போடுங்கள், கேட்காமல் செய்யும் அனுமதியை அணையுங்கள், விளக்கு முறைக்கு மாற்றுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தால் இங்கே உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு ஐந்துக்கு நான்கு. தானாகப் பேசுவதற்கு இரண்டு, அதில் ஒன்று அந்தச் சின்ன விளக்குக்கு.