கிணற்றுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று: ஹோபோ யூ20எல் நீர்மட்ட லாகர்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள ஹேசல்வுட் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. பள்ளத்தில் நீர் நிரப்பி ஏரியாக்குவது திட்டம். அங்கே மழை, நீர்மட்டம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது சடங்குக்காக அல்ல. 2011 பிப்ரவரியில் கனமழை பெய்து சுரங்கத்தின் வடக்குச் சுவர் நகர்ந்தது. ஓரமாகப் போகும் பிரின்சஸ் நெடுஞ்சாலையை மாதக்கணக்கில் மூட வேண்டியதாயிற்று. நிலக்கரி விரிசலில் இறங்கும் நீர்தான் சுவரைத் தள்ளும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஆழம் குறைந்த கண்காணிப்புக் கிணறுகளுக்கு ஆன்செட் நிறுவனத்தின் ஹோபோ யூ20எல்-01 லாகர் (நீரில் தொங்கியபடி அழுத்தத்தை அளந்து தானே பதிந்துவைக்கும் கருவி) நல்ல தேர்வு. உடல் பாலிப்ரொப்பிலீன், அழுத்த உணரி பீங்கான், உப்புநீரிலும் துருப்பிடிக்காது. விட்டம் 3.18 செ.மீ. என்பதால் 50 மி.மீ. குழாயில் இறங்கும். அளவெல்லை 9 மீட்டர், வழக்கமான பிழை 1 செ.மீ. நினைவகத்தில் சுமார் 21,700 பதிவுகள் அடங்கும். கால் மணிக்கு ஒன்று என்று வைத்தால் 226 நாள் தாங்கும்.

ஆனால் ஒன்று மட்டும் வாங்கினால் பணம் தண்டம். இதில் காற்றுக்குழாய் கிடையாது. நீரின் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) என்பது ஏறக்குறைய 1 செ.மீ. நீரின் அழுத்தம். குளிர்க்காற்று முகப்பு ஒன்று கடக்கையில் 20 ஹெக்டோபாஸ்கல் மாறினால், கிணற்றில் சொட்டு நீர் கூடாமலே வரைபடம் 20 செ.மீ. ஆடும். மழை பெய்த அதே நாளில் இந்த ஆட்டமும் வருவதால் ஏமாறுவது சுலபம். எனவே இன்னொரு லாகரைக் காற்றுக்கென்றே ஒதுக்கி, அதன் அளவைக் கிணற்று அளவிலிருந்து கழியுங்கள். கிணற்றுத் தலையில், வெயில் படாமல், வெள்ளம் ஏறினாலும் முழுகாத உயரத்தில் தொங்கட்டும். மூடியில் காற்றுத்துளை இல்லையென்றால் அது அளப்பது வெளிக்காற்றை அல்ல. பள்ளத்தின் அடிக்கும் விளிம்புக்கும் நூறு மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் இரண்டு இடத்துக் காற்றழுத்தமும் சுமார் 12 ஹெக்டோபாஸ்கல் தள்ளி நிற்கும். இது பெரும்பாலும் மாறாத வித்தியாசம். அளவு நாடாவால் கையால் எடுத்த நீர்மட்டத்தை, காற்றழுத்தத்தைக் கழிக்கும் திருத்தத்தின்போது கொடுத்தால் சரியாகிவிடும். அந்தக் கை அளவை ஒவ்வொரு முறை தரவு இறக்கும்போதும் எடுங்கள்.

இறக்கும் விதமும் முக்கியம். குழாயில் தொப்பென்று விட்டால் அழுத்த அதிர்ச்சியில் உணரி கெடும், மெதுவாக விடுங்கள். நைலான் கயிறு நீளும், எஃகுக் கம்பியே மேல். இரும்பு கலந்த சுரங்க நீரில் ஆரஞ்சு நிறச் சளி நுனித் துளைகளை அடைக்கும். மென் தூரிகையால் கழுவலாம், ஊசி விட்டுக் குத்தக் கூடாது. தரவெடுக்க லாகரை வெளியே தூக்கியே ஆக வேண்டும் என்பது எரிச்சல்தான்.

மூடும் சுரங்கத்தில் நீர் ஏறும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். இன்று 3 மீட்டர் நீருக்கடியில் தொங்கும் லாகர், மட்டம் 7 மீட்டர் ஏறினால் எல்லையைத் தாண்டிவிடும். 18 மீட்டரில் உடையும். எல்லையை நெருங்கும்போது கம்பியைச் சுருக்கி, புது நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் அளவெல்லை கொண்ட யூ20எல்-02 எடுத்தால் இந்தத் தலைவலி குறையும், ஆனால் பிழை கூடும். ஹேசல்வுட்டின் ஆழ நீர்த்தாங்கிகளுக்கு (நிலத்தடியில் நீர் தேங்கும் அடுக்குகள்) இரண்டுமே வேண்டாம். அங்கே அழுத்தம் கூடினால் பள்ளத்தின் தரையே மேலெழும்பும். சிமெண்ட் கலவையில் புதைக்கும் வைப்ரேட்டிங் வயர் பீசோமீட்டர்தான் (அதிரும் கம்பியால் நிலத்தடி நீரழுத்தத்தை அளக்கும் உணரி) சரி.

மழைக்கு டேவிஸ் வான்டேஜ் ப்ரோ2 வானிலை நிலையத்தின் மழைமானி போதும். வாங்கியதும் அடியில் சிறு துளையிட்ட டப்பாவில் 214 மி.லி. நீர் ஊற்றிச் சொட்டவிடுங்கள். அது 10 மி.மீ. மழைக்குச் சமம், மழைமானிக்குள் நிரம்பியதும் கவிழும் சிறு வாளி 50 தடவை கவிழ வேண்டும். 45தான் என்றால் முதலில் மழைமானி சமமட்டமாக நிற்கிறதா பாருங்கள். இரண்டு கருவியின் கடிகாரமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். அங்கே கோடைகாலத்தில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் உண்டு, அதை அணைத்துவிடுங்கள்.