ஈறு வளரும் என்று சொல்லி 7,850 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

இப்போதுதான் பல் மருத்துவரிடமிருந்து வந்தேன். கீழுதடு இன்னும் மரத்துக் கிடக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் எழுத விடாது. ஈறு நோய் வராமல் காப்பது எப்படி, வந்தால் என்ன செய்வது என்று விவரமாகவே சொல்கிறேன். அதற்கு முன் 7,850 ரூபாய் போன கதை.

ஆறேழு மாதமாகப் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. காலையில் வாயில் ஒரு நாற்றம். வலி மட்டும் இல்லை, அதனால் தள்ளிப்போட்டேன். ஒருநாள் இரவு கைபேசியில் ஒரு விளம்பரம்: மூலிகைப் பற்பொடி, ஈறு தைலம், இறங்கிய ஈறு 21 நாளில் மீண்டும் வளரும். என் எண்ணைப் பதிந்த பத்தாவது நிமிடம் அழைப்பு வந்தது.

பேசிய பெண் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். முதலில் ‘சார்’ என்றுதான் பேசினார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதிலேயே பல்செட் என்றேன். சற்று மௌனம். பிறகு, “என் அப்பாவுக்கும் அப்படித்தான் அண்ணா. கடைசிக் காலத்தில் ஒரு முறுக்குக் கடிக்க முடியாமல் ஏங்கினார்” என்றார். அந்த முறுக்கில் விழுந்தேன். மருத்துவரை ஒரு முறை பார்த்துவிடட்டுமா என்று நானேதான் கேட்டேன். “கிளீனிங் செய்தால் நல்ல பல்லும் ஆட ஆரம்பித்துவிடும், உங்களுக்குத் தெரியாததா அண்ணா?” ஊரில் பாதிப் பேர் சொல்லும் பேச்சுத்தானே! உடனே 4,900 ரூபாய் அனுப்பினேன்.

வந்த பொடியில் கிராம்பு மணம், படிகாரத் துவர்ப்பு. ஐந்தாம் நாள் ரத்தம் நின்றுவிட்டது. பெருமையாக இரண்டு நண்பர்களுக்கும் பரிந்துரைத்தேன் (இன்று மன்னிப்புக் கேட்டாகிவிட்டது). ‘இரண்டாம் கட்டம்’ என்று இன்னொரு 2,950 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாவது மாதம், கீழ்வரிசை முன்பல்லை நாக்கால் தள்ளினால் அசைந்தது.

அழைத்தேன். இடையில் ஒருநாள் விட்டுவிட்டீர்களா என்றார்கள். இல்லை என்றேன். அப்படியானால் உடல்சூடு என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் சீல் உடைத்த பொருளுக்குப் பணம் தருவதில்லையாம். மேலாளர் அழைப்பார் என்றார்கள். எந்த மேலாளரும் அழைக்கவில்லை. அவர்கள் பக்கத்தில் நான் எழுதிய கருத்து அரை மணி நேரத்தில் காணாமல் போனது. அதன்பின் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள்.

என் மனைவி சும்மா இருக்கவில்லை. தன் எண்ணிலிருந்து புதிய வாடிக்கையாளர்போல அழைத்து, மாமியாருக்கு ஈறு வீக்கம் என்று ஒரு கதை விட்டாள். அதே குரல். அதே மௌனம். “என் மாமியாருக்கும் அப்படித்தான் அக்கா. ஒரு முறுக்குக் கடிக்க முடியாமல்...” சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்று மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, பல்லுக்கு ஆறு இடமாக அளந்தார். அளவைச் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொண்டார். மூன்று, இரண்டு, மூன்று என்று வந்தவர் கீழ் முன்பல்லில் ஏழு என்றார். மூன்று வரை கவலையில்லையாம். ஏழு என்றால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்திருக்கிறது, எக்ஸ்ரேயிலும் தெரிந்தது. துவர்ப்பு ஈறின் மேற்பரப்பை இறுக்கியதால் ரத்தம் நின்றதே தவிர, உள்ளே வேரோரம் காரை (பல்லில் படிந்து கல்லாக இறுகிய அழுக்கு) அப்படியே இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கிளீனிங் பல்லை ஆட்டுவதில்லை. ஏற்கெனவே ஆடும் பல்லைக் காரை பிடித்து நிறுத்தியிருக்கும், அது போனதும் ஆட்டம் வெளியே தெரியும், அவ்வளவுதான். கரைந்த எலும்பை எந்தப் பொடியும் திருப்பித் தராது. தொடக்கத்திலேயே போயிருந்தால் ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்திருக்கும். நான் கொடுத்தது 7,850.

சொல்வதாகச் சொன்ன ஆலோசனை: ரத்தம் வந்தால் உடனே பல் மருத்துவரிடம் போங்கள்; ரத்தத்துக்குப் பயந்து அந்த இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள். புகைபிடிப்பவர்களுக்கு நோய் இருந்தும் ரத்தம் அதிகம் வராது, ஏமாந்துவிடாதீர்கள். சர்க்கரையைப் பரிசோதியுங்கள், என்னையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இரவில் துலக்காமல் படுக்காதீர்கள். கையில் காசு இல்லையென்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ‘அண்ணா’ என்று கூப்பிட்டால் அழைப்பைத் துண்டியுங்கள்.

மரப்பு விடுகிறது, வலி தெரியத் தொடங்கிவிட்டது, இத்துடன் நிறுத்துகிறேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன். பொடி டப்பாவை மனைவி குப்பையில் போடப் போனாள்; பிடுங்கி வைத்திருக்கிறேன்.