முப்பது வருடமாகக் குடும்பப் படங்கள் பார்க்கிறேன்: பாட்டைத் தள்ளிவிடாதீர்கள்

போன வாரம் என் மகன் ‘பாசமலர்’ படத்தைக் கைப்பேசியில் பார்த்தான். பாட்டு வந்த இடங்களையெல்லாம் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளிவிட்டு, “கதை புரிந்துவிட்டது அம்மா” என்றான். எனக்கு மனம் ஆறவில்லை. நம் குடும்பப் படங்களில் வீட்டு மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடியாததெல்லாம் பாட்டில்தான் வெளிவருகிறது. அதைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது சண்டையும் அழுகையும்தான்.

தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைப் படம், வாடகைக் கேசட், கேபிள், இப்போது கைப்பேசி என்று எல்லா வழியிலும் பார்த்தாகிவிட்டது. 1961இல் பீம்சிங் இயக்கிய ‘பாசமலரை’ மட்டும் பத்து முறைக்குக் குறையாமல் பார்த்திருப்பேன். அதில் அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தாலாட்டும் ‘மலர்ந்தும் மலராத’ பாட்டு வரும். குழந்தைக்குப் பாடுவதுபோல் இருந்தாலும், இருவரும் நினைத்துக்கொண்டிருப்பது மற்றவரைத்தான். நேருக்கு நேர் பேசியிருந்தால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டார்கள். என் சிறுவயதில் அம்மாவும் பெரிய மாமாவும் ஒரு வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். சின்ன வெங்காயம் அரிந்துகொண்டே படம் பார்க்கும் அம்மா, இந்தப் பாட்டு வந்தால் அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்துவிடுவாள். பாட்டு முடியும் வரை ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அதே இயக்குநரின் ‘பாகப்பிரிவினை’ (1959) இன்னும் கனமானது. ஒரு கை விளங்காத கண்ணையன் தன் பிள்ளையைப் பார்த்து, ஏன் பிறந்தாய் என்று பாடுவான். தாலாட்டு என்றால் ஆசீர்வாதம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவும் அது உதவும் என்பதை டி.எம். சௌந்தரராஜனின் குரலில்தான் உணர்ந்தேன்.

இந்தியில் 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் 14 பாடல்கள். வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது, ஆனால் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியதால் பழகிய குரலைப் பிடித்துக்கொண்டே படத்துக்குள் போய்விட்டோம். மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைக்கும் விளையாட்டுக்கும் வளைகாப்புக்கும்கூடப் பாட்டு உண்டு. கல்யாணத்துக்கு முன் பார்த்தபோது அப்படி ஒரு வீட்டுக்குத்தான் வாழ்க்கைப்பட வேண்டும் என்று ஏங்கினேன். பத்து வருடம் மருமகளாக இருந்த பிறகு மறுபடி பார்த்தேன். சந்தோஷம் குறையவில்லை. ஆனால் கூடத்தில் நடப்பதற்கெல்லாம் பாட்டு இருக்கிறது, அடுப்படியில் நிற்பவளின் அலுப்புக்கு ஒன்றுகூட இல்லை என்பது உறுத்தியது. இந்தக் குறை அநேகமாக எல்லாக் குடும்பப் படங்களுக்கும் உண்டு.

அதனால்தான் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரிந்த குடும்பம் சேரப்போகிறது என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில், தனியே இருந்து நாள் கிழமைக்குச் சந்திப்போம், பாசம் கெடாது என்கிறாள் மூத்த மருமகள் உமா. உமாவாக நடிக்கும் லட்சுமி அதைப் பாடவில்லை, நிதானமாகப் பேசுகிறார். என் மாமியார் அந்த இடத்தில் எழுந்து போய்விட்டார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொலைக்காட்சியில் விளம்பரத்துக்கு இடம் வேண்டிப் பாட்டுகளை வெட்டிவிடுகிறார்கள். முழுப் பிரதியாகத் தேடிப் பாருங்கள். நேரம் இல்லையென்றால் இரண்டு இரவாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகனையும் அம்மாவையும் உட்கார வைத்து ‘பாசமலரை’ மறுபடி போட்டேன். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, ஒலியை நன்றாகக் கூட்டினேன். தாலாட்டு முடிந்ததும், “அண்ணன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது இதைத்தான் பாடுவார்” என்றாள். மாமா பாடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.