அப்பாவின் கல்லறைக் கல்: கீழ்ப்பாக்கத்தில் படம் வரைந்து காட்டிச் செய்யும் கடை

அப்பாவுக்குக் கல் செய்ய, கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி நான்கு கடை ஏறி இறங்கினேன். மூன்று கடையில் ஆல்பத்தை நீட்டி, "இதுல ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார்கள். நான்காவது கடைப் பெரியவர், "அப்பா என்ன பண்ணிட்டிருந்தாரு தம்பி?" என்று கேட்டார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

என் ஆசை பெரிது. சின்ன வயதில் அப்பா என்னைச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்கு அழைத்துப்போய், ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயரின் நினைவுச் சின்னத்தைக் காட்டுவார். 1798-ல் தஞ்சாவூரில் இறந்தவருக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி, லண்டன் சிற்பி இளைய ஜான் பேக்கனிடம் சொல்லிச் செய்த பளிங்கு. படுக்கையில் ஐயர், சுற்றிலும் ஆட்கள். அதே மாதிரி அப்பாவும், சுற்றி நாங்கள் ஆறு பேரும் வேண்டும் என்றேன்.

பெரியவர் மறுக்கவில்லை. ஒரு வாரத்தில் பென்சில் படம் தயார், கல்லின் அசல் அளவிலேயே, இரண்டடிக்கு மூன்றடி. எங்கே எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று ஓரத்தில் ஒரு நூல், இரண்டு நூல் எனக் குறித்திருந்தார் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). சுவரில் ஒட்டிவிட்டு என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். அம்மா யார், அக்கா யார் என்றே தெரியவில்லை. "பளிங்குன்னா நுணுக்கமா வரும். கருங்கல்லுல இவ்வளவு சின்ன முகத்துக்கு மூக்கு எடுத்தா சில்லு பெயர்ந்துடும் தம்பி."

அப்புறம் இன்னொரு தாளை விரித்தார். ஆர்மோனியத்தின் மேல் அப்பாவின் கைகள் மட்டும். வலது கை கட்டைகளில், இடது கை துருத்தியில். நாற்பது வருஷம் பாடகர் குழுவுக்கு வாசித்த கைகள். லேசாக வளைந்த வலது சுண்டுவிரலைக்கூட நான் கொடுத்த போட்டோவிலிருந்து பிடித்திருந்தார். அம்மா அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார், வெகுநேரம் பேசவில்லை.

குறையும் உண்டு. கல் மூன்று வாரம் தாமதமாக வந்தது, போன் செய்தால் எடுப்பதில்லை, நேரில்தான் போக வேண்டும். கைகளை உளியால் செதுக்கியவர் எழுத்துகளை மெஷினுக்கு விட்டுவிட்டார். படத்தில் அவர் எழுதியிருந்த 'ழ'வின் அழகான சுழி கல்லில் இல்லை. எழுத்தையும் கையால் வெட்டச் சொல்லி முன்பே பேசிவிடுங்கள்.

படத்துக்கு 1,500 ரூபாய் வாங்கினார், பிறகு கல்லின் விலையில் கழித்துக்கொண்டார். படத்தை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். கார்பன் தாள் வைத்துக் கல்லில் ஏற்றியதும் சுருட்டி மூலையில் போட்டுவிடுகிறார்கள். எங்களுடையது அம்மாவின் அறையில், ஆர்மோனியத்துக்கு மேலே மாட்டியிருக்கிறது.